இனிஷியலுக்குப் பின்னால்

2023 நவம்பர் 27ஆம் தேதி மதியம் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் வி.பி. சிங்குக்குச் சிலை திறந்த படம். அதன் கீழே ஒரு வரி: “நீ தில்லியில படிச்சப்போ இவர்தானே பிரதமர்? அப்போ அங்க பெரிய கலாட்டால்லாம் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா?” அக்கா அந்த வருடம்தான் அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றிருந்தாள். வேலையில் இருந்தவரை இப்படிப் படம் அனுப்பவும் பழைய கதை கேட்கவும் அவளுக்கு நேரம் இருந்ததே இல்லை. நான் அலுவலகத்தில் இருந்தேன். “இருக்கு, அப்புறம் சொல்றேன்” என்று பதில் போட்டுவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கு மாலை தில்லி மெட்ரோவில் பல்கலைக்கழக நிலையமான விஸ்வவித்யாலயா வரை போய், வெளியே வந்து, நான் படித்த காலத்தில் சுற்றிய பட்டேல் செஸ்ட் பகுதியில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். எதற்குப் போனேன் என்று வீட்டில் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொல்ல வேண்டியதை முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன் என்பது மட்டும் நடக்கும்போது தெளிவாகத் தெரிந்தது.

1989 ஜூலையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினேன். ஆரணியிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியின் அடியில் தினத்தந்தி விரித்து, அதற்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களை அம்மா வைத்திருந்தார். மார்க் ஷீட், டி.சி., அப்புறம் தாசில்தாரின் வட்ட முத்திரை குத்திய சாதிச் சான்றிதழ். தில்லிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேரும்போது அந்தக் கடைசிக் காகிதத்துக்கு வேலை இருக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் எஸ்.சி., எஸ்.டி. என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பி.சி. என்று ஒன்று அங்கே கிடையாது. பொதுப் பட்டியலில்தான் எனக்கு இடம் கிடைத்தது. காகிதம் பெட்டியின் அடியிலேயே தங்கிவிட்டது.

பூரா நாம்?

தில்லிக்குப் படிக்க வந்த தமிழர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருப்பார்கள். பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கொஞ்சம் காத்திருப்பார். பிறகு, “பூரா நாம்?” என்பார். முழுப் பெயர் என்ன? இனிஷியலைச் சொல்வோம். அது அவருக்குப் பெயராகவே தெரியாது. “ஆகே க்யா லகாதே ஹோ?” பெயருக்குப் பின்னால் என்ன போடுகிறாய்? ஒன்றும் போடுவதில்லை, முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் என்று விளக்கினால், ஒரு கதவு பாதி திறந்து நின்றுவிட்ட மாதிரி முகம் வைத்துக்கொள்வார். கேட்பவர் கெட்டவர் இல்லை. அவர் ஊரில் ஒரு மனிதரை எங்கே உட்கார வைப்பது என்று தெரிந்துகொள்ளும் வழி அது.

எங்கள் தாத்தாவின் வீட்டுப் பத்திரத்தில் பெயரோடு சாதிப் பட்டமும் ஒட்டியிருக்கிறது. அப்பாவின் ரேஷன் கார்டில் அது இல்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தைப் படித்துவிட்டா அப்பா பட்டத்தை விட்டார்? இல்லை. அவர் பட்டு நெய்கிறவர், கூலித் தறி. ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஊரில் எல்லாரும் விட்டார்கள், அவரும் விட்டார். காற்று மாறுவது மாதிரி அது எங்கள் பக்கம் மாறிவிட்டது. நான் பிறந்தபோது இனிஷியலும் பெயரும்தான் பெயர். அதற்குப் பின்னால் ஒரு நீண்ட சண்டை இருந்தது என்பது எனக்குத் தெரியாது.

தில்லியில் என் பெயரின் முடிவில் இருந்த அந்த வெற்றிடத்தை மற்றவர்களே நிரப்பிக்கொண்டார்கள். மதராஸி, நிறையப் படிக்கிறான், வெள்ளிக்கிழமை நெற்றியில் விபூதி வைக்கிறான், ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போய்விட்டு வருகிறான். சரி, ஐயராகத்தான் இருப்பான். “நீங்க எல்லாம் பண்டிட் ஆளுங்க இல்லையா” என்று ஒரு முறை ஒருவன் சொன்னபோது நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன். முதல் முறை சும்மா இருப்பதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. பத்தாவது முறைக்கு அது பழக்கமாகிவிட்டிருந்தது. அந்தச் சிரிப்புக்குள் எனக்கு ஒரு சௌகரியமும் கிடைத்திருந்தது என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

என்னோடு அதே வருடம் விடுதிக்கு வந்தவன் பிகாரில் மதேபுராவைச் சேர்ந்தவன். எந்த விடுதி என்று சொல்லப் போவதில்லை, அவன் பெயரையும் எழுதப் போவதில்லை. மதேபுராக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் பெயருக்குப் பின்னால் யாதவ் என்று இருந்தது. அவனிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

69

எங்களைச் சேர்த்து வைத்தது சாப்பாடுதான். விடுதி மெஸ்ஸில் எனக்குச் சோறு போதவில்லை, அவனுக்கு உறைப்பு போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவில் மெஸ் கிடையாது. அவன் ஒரு பித்தளைத் தட்டில் சத்து மாவைக் கொட்டி, வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக அரிந்து போட்டு, உப்புத் தூவி, கடுகெண்ணெய் விட்டுப் பிசைவான். வறுத்த கடலை மாவு அது. முதல் வாய் கடுகெண்ணெயின் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரும். மூன்றாவது வாயில் பழகிவிடும். நான் அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடி டப்பாவை எடுத்துப் போவேன். “இதுவும் எங்க சத்துவும் அண்ணன் தம்பி” என்பான். எங்கள் ஊர்ப் பருப்புப் பொடியைக் கடுகெண்ணெயில் குழைத்துச் சாப்பிட்ட முதல் மனிதன் அவனாகத்தான் இருப்பான்.

1990 கோடை விடுமுறை முடிந்து ஜூலையில் திரும்பியபோது, பொடி டப்பாவோடு அக்காவின் போட்டோ ஒன்றும் என் பையில் வந்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். மதேபுராக்காரன் அதை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். “தீதீ டாக்டரா? உங்க அப்பா நெசவுக்காரர்னு சொன்னியே?” ஆமாம் என்றேன். எப்படி என்று கேட்டான். அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் வகுப்பிலேயே முதல். அவளை இதோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

எப்படி என்று சொல்ல நான் அதுவரை உட்கார்ந்து யோசித்ததே இல்லை. அக்கா நன்றாகப் படித்தாள், சீட்டு கிடைத்தது, அவ்வளவுதான். அவன் விடாமல் கேட்கக் கேட்கத்தான் நானே ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீடு 31 விழுக்காடாக இருந்ததை 1980இல் எம்.ஜி.ஆர். 50 ஆக்கினார். அக்கா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1981. தெருவிலேயே முதல் டாக்டர். 1989இல் கலைஞர் அந்த 50ஐ 30, 20 என்று பிரித்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தனியாக ஒரு பங்கு வைத்தார். எஸ்.சி.க்கு 18. எஸ்.டி.க்கு 1 அப்போதுதான் தனியாக வந்திருந்தது. சாதிவாரியாக இடம் பிரித்த பழைய கம்யூனல் ஜி.ஓ.விலிருந்து, அது செல்லாது என்று ஆன செண்பகம் துரைராஜன் வழக்கு வரை, எனக்குத் தெரிந்த அளவுக்கு அதையும் சொன்னேன். அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். பக்கத்தின் மேலே தங்கையின் பெயரை எழுதினான். கீழே 30, 20, 18, 1 என்று வரிசையாக எழுதி, கோடு கிழித்துக் கூட்டினான். 69.

“அறுபத்தொன்பதா? உங்க ஊர்ல அப்படியும் பஸ் ஓடுதா? ஆஸ்பத்திரி நடக்குதா?”

ஓடுது என்றேன். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிக்கு உங்க பக்கத்திலிருந்தே ஆள் வருதே என்றேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை இன்னும் உணர முடிகிறது. எங்கள் ஊரைப் பற்றி இன்னொருவனிடம் தலை நிமிர்ந்து பேசிய முதல் நாள் அது. சேர்வதற்குத்தான் தனிப் பட்டியல், உள்ளே போன பிறகு எல்லாருக்கும் ஒரே வினாத்தாள்தான், ஒரே பாஸ் மார்க்தான் என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டான்.

ஆகஸ்டு 7ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வி.பி. சிங் மண்டல் குழுவின் பரிந்துரையை ஏற்பதாக அறிவித்தார். மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. மதேபுராக்காரன் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்து என் அறைக் கதவைத் தட்டியது இன்றும் காதில் இருக்கிறது. பி.பி. மண்டல் அவன் மாவட்டத்துக்காரர், முர்ஹோ கிராமம். 1980 டிசம்பர் கடைசி நாளில் அவர் கொடுத்த அறிக்கை பத்து வருடம் அலமாரியில் கிடந்தது. மக்கள்தொகையில் 52 விழுக்காடு என்று அவர் கணக்கிட்டவர்களுக்கு மத்திய அரசின் முதல் நிலைப் பணிகளில் 5 விழுக்காடுகூட இல்லை என்று அந்த அறிக்கை சொன்னது. “உங்க ஊரு இங்க வருது, பாய்” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

அந்த மழைக்காலம்

அடுத்த வாரமே வளாகம் மாறிவிட்டது. அதை நேரில் பார்த்திராதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வகுப்புகள் நின்றன. கலைப்புலத்தில் விவேகானந்தர் சிலையைச் சுற்றிக் காலை முதல் கூட்டம். மாரிஸ் நகர் சந்திப்பில் உண்ணாவிரதப் பந்தல். மாணவர்களுக்கான யூ-ஸ்பெஷல் பேருந்துகளின் கண்ணாடிகள் உடைந்தன. மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டார்கள், காய்கறி விற்றார்கள், துடைப்பம் எடுத்துச் சாலையைப் பெருக்கினார்கள். நாளைக்கு எங்கள் கதி இதுதான் என்று அரசாங்கத்துக்குக் காட்டினார்களாம். ஐ.டி.ஓ. பக்கம் ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாலிஷ் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார்கள். அதன் சொந்தக்காரர், வயதான மனிதர், நடைபாதை ஓரத்தில் குந்தியபடி தன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை அங்கே அவமானத்தின் பெயராக நடித்துக் காட்டப்பட்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை. பெட்டி திரும்பி வருமா என்ற கவலைதான் தெரிந்தது.

போராடியவர்களின் பயத்தையும் நான் அருகிலிருந்து பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். பலர் சின்ன ஊர்களிலிருந்து வந்தவர்கள். அப்பா பள்ளி ஆசிரியர் அல்லது குமாஸ்தா. ஐ.ஏ.எஸ். அல்லது ஏதோ ஒரு மத்திய அரசு வேலை, அதை நம்பித்தான் முகர்ஜி நகரில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். தனியார் வேலை என்று பெரிதாக ஒன்றும் அப்போது கிடையாது. இருந்த ஒரே கதவில் பாதியைச் சாத்துகிறார்கள் என்றே அவர்களுக்குத் தோன்றியது. அந்தக் கதவு இன்னொருவனுக்கு எப்போதுமே சாத்தியிருந்தது என்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் இருந்த ஒருவன் நான்.

செப்டம்பர் 19ஆம் தேதி தேசபந்து கல்லூரி மாணவர் ராஜீவ் கோஸ்வாமி தீக்குளித்தார். அவர் பிழைத்தார், ஆனால் 2004இல் 33 வயதில் இறந்துபோனார். 24ஆம் தேதி சுரிந்தர் சிங் சௌஹான் என்ற மாணவர் இறந்தார். அதற்குப் பிறகு வெவ்வேறு ஊர்களிலிருந்து அப்படியான செய்திகள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் வயதுப் பிள்ளைகள். செய்தித்தாளைத் திறக்கவே பயமாக இருக்கும். விடுதியில் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. மண்டலுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொன்னால், இறந்துபோன பிள்ளைக்கு எதிராகச் சொன்ன மாதிரி ஆகிவிடும் நிலை.

மதேபுராக்காரனின் அறைக் கதவில் யாரோ சாக்பீஸால் ‘மண்டல்’ என்று இந்தியில் எழுதினார்கள். அவன் ஈரத் துணியால் துடைத்தான். மறுநாள் மறுபடியும் எழுதியிருந்தது. மறுபடியும் துடைத்தான். நான்கைந்து நாள் இப்படிப் போயிற்று. பச்சை பெயிண்ட் அடித்த பழைய மரக்கதவு அது. துடைக்கத் துடைக்க எழுத்து போய்விடும், ஆனால் மரத்தின் ரேகைக்குள் வெள்ளைத் தூள் தங்கிவிடும். கிட்டப் போய்ப் பார்த்தால் மங்கலாக வாசிக்க முடியும். ஒரு கட்டத்தில் அவன் துடைப்பதை விட்டுவிட்டான். மெஸ்ஸில் அவன் உட்காரும் மேஜையில் மற்றவர்கள் உட்காருவது குறைந்தது. யாரும் எழுந்து போகவில்லை. வேறு மேஜையில் இடம் இருந்தது, அவ்வளவுதான். நானும் வேறு மேஜையில் உட்கார ஆரம்பித்திருந்தேன்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்ரிகா பஸ் பிடித்து ஆர்.கே.புரம் போனேன். அங்கே அரசுக் குடியிருப்பில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். மாமா என்று கூப்பிடுவேன். மத்திய அரசின் தலைமைச் செயலகத்தில் குமாஸ்தா. என்ன செய்வது என்று கேட்டேன். மாமா கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். “மெட்ராஸ்ல இருந்தா நாமளே கொடி புடிக்கலாம் தம்பி. இங்க நாம நாலு பேரு. ஆபீஸ்ல என்னையும் எல்லாரும் வேற ஆளுன்னுதான் நெனச்சிக்கினு இருக்காங்க. நான் எதுவும் சொல்லிக்கிறதில்ல. படிப்ப முடிச்சிட்டுப் போற வழியப் பாரு.” மாமி தோசை ஊற்றிக் கொடுத்தார். மாமாவை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று பிள்ளைகள், குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில், இது அறிவுரை இல்லை, நான் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்கு வாங்கிக்கொண்ட அனுமதி என்று எனக்குப் புரிந்தது.

அந்த ஒரு கேள்வி

செப்டம்பர் கடைசி வாரம். அன்றைக்கு இரவு ராஜ்மாவும் சோறும். சன்மைக்கா ஒட்டிய நீள மேஜை. ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். எனக்கு நேர் எதிரில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர். விடுதியில் எல்லாருக்கும் அண்ணன் மாதிரி. நான் வந்த முதல் குளிர்காலத்தில், ரஜாய்ப் போர்வை வாங்கக் காசு வரும்வரை தன்னிடம் இருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்தவர் அவர்தான். நல்ல மனிதர். அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

பேச்சு தகுதி, திறமை என்று போய்க்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் வம்பு எதுவும் இல்லை. உண்மையாகவே ஒரு நியாயத்தைக் காட்டுவது மாதிரிக் கேட்டார். “நீயே சொல்லு. உங்க பக்கம் இதெல்லாம் நிறைய இருக்கு, உனக்குத் தெரியும். நாளைக்கு உங்க அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன்னா, கோட்டாவுல வந்த டாக்டர்கிட்ட விடுவியா?”

1987இல் எங்கள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. அரசு ஆஸ்பத்திரியில். அக்கா அப்போது ஹவுஸ் சர்ஜன். அம்மா பயந்து, என் பெண்ணும் உள்ளே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால், பெரிய டாக்டர் அக்காவையும் பக்கத்தில் நிற்க அனுமதித்தார். மயக்கம் தெளிந்து அம்மா முதலில் பார்த்தது பச்சைத் துணி கட்டிய அக்காவின் முகத்தைத்தான். முகம் தெரியவில்லை, கண்ணை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த வராந்தாவில் நானும் அப்பாவும் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தோம். அப்பா கைக்கு வேலை இல்லாமல் துண்டின் ஓர நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே பதில் நடந்து முடிந்திருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இந்தி வராவிட்டால் ஆங்கிலத்தில், அதுவும் வராவிட்டால் தமிழிலாவது சொல்லியிருக்கலாம்.

தலையை ஆட்டினேன். மாட்டேன் என்று. வாய் திறந்து, “நஹீன்” என்றும் சொன்னேன்.

“பாத்தீங்களா” என்று அவர் மற்றவர்களைப் பார்த்தார். யாரோ என் முதுகில் தட்டினார்கள். ராஜ்மா கிண்ணம் என் பக்கம் நகர்ந்து வந்தது. நான் சோற்றைப் பிசைந்தேன். அப்போதுதான் பின் மேஜையில் தட்டு நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மதேபுராக்காரன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான். என்னைப் பார்த்தான். அவன் பார்வையில் திட்டு இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்காது. ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, விடை தப்பாக வந்தால் மறுபடி மேலிருந்து பார்ப்போமே, அப்படிப் பார்த்தான். அந்தக் கணக்கை ஜூலையில் என் முன்னால்தான் கூட்டினான். தட்டில் பாதிச் சோறு இருந்தது. தட்டோடு எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அன்றைக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் அவன் அறை வரை போனேன். கதவின் கீழ் விளிம்பில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே பக்கம் புரட்டும் சத்தம். கதவு ரேகையில் சாக்பீஸ் தூள். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். என்ன சொல்வது என்று யோசித்தேன். பயத்தில் சொல்லிவிட்டேன் என்றா? எனக்கு என்ன பயம்? என் கதவில் யாரும் எழுதவில்லையே. என் பெயரில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லாததால்தானே எழுதவில்லை. அந்த வெற்றிடம் எனக்கு மானத்தோடு வாழ்வதற்காக எங்கள் பாட்டன் காலத்தில் யாரோ பாடுபட்டு வாங்கிக் கொடுத்தது. நான் அதற்குள் போய் ஒளிந்துகொண்டு, ஒளிய இடம் இல்லாதவனைத் தனியே விட்டிருந்தேன். இவ்வளவு தெளிவாக அன்றைக்கு யோசிக்கவில்லை. அன்றைக்குத் தெரிந்தது கை மேலே போனதும் தட்டாமல் இறங்கியதும்தான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை போட்டது. விடுதியில் இனிப்பு கொடுத்தார்கள். அதற்குள் செய்தித்தாளில் பா.ஜ.க. தலைவர் அத்வானியின் அயோத்தி ரத யாத்திரை வந்துவிட்டது. 23ஆம் தேதி சமஸ்திபூரில் அத்வானி கைதானார். மதேபுராக்காரன் சட் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்த நேரம் அது. பா.ஜ.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, நவம்பர் 7ஆம் தேதி வி.பி. சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றது. அவன் திரும்பி வந்து, விடுதியைக் காலி செய்துகொண்டு முகர்ஜி நகரில் இரண்டு பிகார்ப் பையன்களோடு அறை எடுத்துப் போனான். போகும்போது என் பொடி டப்பாவைக் கழுவித் துடைத்து என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அதற்கப்புறம் அவனை ஒரே ஒரு முறை பார்த்தேன். 1991 பிப்ரவரியோ மார்ச்சோ. பட்டேல் செஸ்டில் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தான். டீக்கடையில் எதிர்ப்பட்டோம். இரண்டு டீ அவனே சொன்னான். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “தீதீ எப்படி இருக்காங்க?” என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்றேன். “நல்லது” என்றான். டீ முடிந்தது. காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

1992 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 27 விழுக்காடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. 1993 செப்டம்பரில் ஆணை வந்தது. 1995இல் எனக்கு மத்திய அரசு வேலை கிடைத்தது, அந்த 27க்குள்தான். பெட்டியின் அடியில் இருந்த பழைய காகிதம் போதாது, மத்திய அரசுப் படிவத்தில் புதிதாக வேண்டும் என்றார்கள். ஆரணி தாலுகா அலுவலகத்தில் மூன்று நாள் நின்று வாங்கி வந்தேன். அந்த வேலையில்தான் வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிக்கவைத்தேன், இன்றும் சம்பளம் வாங்குகிறேன். அந்த ஆகஸ்டில் படிக்கட்டைத் தாவி வந்து கதவைத் தட்டியவனுக்கும், 27க்காக ஊரெல்லாம் வசை வாங்கி நாற்காலியை இழந்த ஒரு மனிதருக்கும் நான் பட்ட கடன் இது. வி.பி. சிங் இறந்தது 2008 நவம்பர் 27. மும்பைத் தாக்குதலுக்கு மறுநாள். தொலைக்காட்சியில் தாஜ் ஓட்டல் எரிந்துகொண்டிருந்தது, அவர் செய்தி திரையின் அடியில் ஒரு வரியாக ஓடிப் போனது. அலுவலகத்தில் அவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றைக்காவது நான் பேச ஆரம்பித்திருக்கலாம்.

2006இல் மத்திய அரசின் கல்லூரி இடங்களுக்கும் 27 என்று அறிவித்தபோது தில்லியில் மறுபடியும் போராட்டம். எய்ம்ஸ் வாசலில் மருத்துவ மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத்தில் ஒருவர் பேச்சுவாக்கில் அதே கேள்வியைக் கேட்டார். கோட்டா டாக்டரிடம் போவாயா? பதினாறு வருடம் கழித்து, அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். எங்க அக்கா டாக்டர், அந்தப் பட்டியலில் வந்தவள்தான், எங்க அம்மாவின் ஆபரேஷனுக்கு அவள்தான் பக்கத்தில் நின்றாள் என்றேன். அவர் தர்மசங்கடமாகச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். சொல்வது இவ்வளவு எளிது என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. அந்த வாக்கியம் தேவைப்பட்டவன் அந்த அறையில் இல்லை.

போன பொங்கலுக்கு ஆரணி போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து, அக்காவும் நானும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா போன பிறகு தறி இல்லை, தறிக்குழியை மூடி சிமெண்ட் பூசிவிட்டோம். அந்த இடம் மட்டும் தரையில் வேறு நிறத்தில் இருக்கிறது. “சிலை படம் அனுப்பினேனே, அப்புறம் சொல்றேன்னு சொன்னியே” என்று அக்காவே ஆரம்பித்தாள். சொன்னேன். ராஜ்மாவிலிருந்து கதவு வரை எல்லாவற்றையும். அவளைப் பற்றித்தான் நான் அந்த ‘நஹீன்’ சொன்னேன் என்பதையும். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், அல்லது சின்னப் பையன்தானேடா நீ என்று தேற்றுவாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருடம் நோயாளியிடம் கேள்வி கேட்டுப் பழகியவள்.

“அந்தப் பையன் அன்னிக்கு அப்புறம் சாப்ட்டானா?”

“தெரியலக்கா. பாதி தட்டுல இருந்துச்சு.”

“அவன் தங்கச்சி படிச்சாளா?”

தெரியாது என்றேன். டீக்கடையில் கேட்டிருக்கலாம். அவன் என் அக்காவைக் கேட்டான். நான் அவன் தங்கையைக் கேட்கவில்லை.

“அவ பேரு என்ன?”

பெயர் நினைவிருந்தது. நோட்டுப் பக்கத்தின் மேலே, 30க்கும் 20க்கும் மேலே, அவன் கையெழுத்தில் இருந்த பெயர். சொன்னேன். அக்கா அதைத் தானும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, “இப்போ நாப்பத்தெட்டு வயசு இருக்கும் இல்ல?” என்றாள்.